மூன்று மூலை என்ஜினும் சுங்கை சிப்புட் சித்தப்பாவும்

ஈப்போவில் பழைய காடி வாங்கப் போகிறவன் தனியாகப் போவதில்லை. டயரை உதைத்துப் பார்க்க ஒருவர் வருவார். கதவை நாலு தடவை அறைந்து சாத்தி, அந்தச் சத்தத்தை வைத்து ‘வெள்ளத்துல நின்ன வண்டி’ என்று தீர்ப்புச் சொல்ல ஒருவர். பானெட் ஓரத்துப் பெயின்ட்டை நகத்தால் சுரண்டி ‘இடிச்சிருக்கான்’ என்று காதில் ஓத ஒருவர். நம்பர் பிளேட்டைக் கூட்டிப் பார்த்து எட்டு வந்தால் முகம் சுளிக்க இன்னொருவர். அதே எட்டுக்காகப் பக்கத்து வீட்டுச் சீனர் ஏலத்தில் பணத்தைக் கொட்டுவார் என்பது வேறு கதை.

இந்தக் குழுவை நான் குறை சொல்ல மாட்டேன். புரோட்டோன் சாகா காலத்திலிருந்து மைவி காலம் வரை எங்கள் குடும்பத்து வண்டிகளை எல்லாம் இவர்கள்தான் பார்த்துக் கொடுத்தார்கள். பெரும்பாலும் ஓடின. ஓடாதவற்றுக்கும் தகுந்த காரணம் சொன்னார்கள். ஆனால் என் அக்கா மகன், பினாங்கில் நல்ல வேலையில் இருப்பவன், தான் ஒரு மாஸ்டா ஆர்எக்ஸ்-8 வாங்கப் போவதாக வீட்டில் அறிவித்த அன்று இவர்கள் அனைவரின் படிப்பும் செல்லாமல் போனது.

“பேருலயே எட்டு இருக்கேடா” என்றாள் அக்கா. நம்பர் பிளேட்டில் எட்டு வந்தால் மாற்றிக்கொள்ளலாம். வண்டியே எட்டு என்றால் எந்தக் கோயிலில் எலுமிச்சம்பழம் வைப்பது?

அவளை அமைதிப்படுத்த, என்ஜின் வெறும் 1.3 லிட்டர்தான் என்று அவன் சொல்லிப் பார்த்தான். அக்கா உடனே, “என்னோட மைவியும் 1.3 தானே, அப்புறம் எதுக்கு இது?” என்றாள். அதற்கு அவன் சொன்ன பதில் உண்மைதான், ஆனால் தாயிடம் சொல்லும் பதிலல்ல. மைவியின் 1.3 சுமார் 95 குதிரைச்சக்தி. ஆறு கியர் வைத்த ஜப்பானிய ஆர்எக்ஸ்-8-இன் 1.3 தருவது 250. ஜப்பான் அரசாங்கமே இந்த 1.3-ஐ நம்பாமல், சுழல் என்ஜின் என்றால் கொள்ளளவை 1.5-ஆல் பெருக்கித்தான் வரி போடுகிறது. அக்காவின் சந்தேகத்துக்கு ஒரு நாட்டின் நிதித்துறையே துணை இருப்பதாக நான் சொன்னேன். இருவரும் என்னை முறைத்தார்கள்.

விற்பவர் கேட்ட விலைதான் எல்லாவற்றுக்கும் வினை. புது மைவியின் விலைக்கும் கீழே. நாலு கதவு, அதில் பின்கதவு இரண்டும் எதிர்ப்பக்கமாகத் திறக்கும், பளபளக்கும் சிவப்பு, தோல் இருக்கை. இவ்வளவு அழகான வண்டி இவ்வளவு மலிவாகக் கிடைக்கிறதென்றால் மீதிப் பணம் எங்கோ ஒளிந்திருக்கிறது என்றுதான் அர்த்தம். ஆர்எக்ஸ்-8-இல் அது என்ஜினுக்குள் ஒளிந்திருக்கும்.

யாரை அழைத்துப் போவது என்ற கேள்விக்கு நான் சித்தப்பாவின் பெயரைச் சொன்னேன். சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டமொன்றில் பால் ஸ்டோரில் என்ஜின் பார்த்தவர் அவர். ரப்பர் ஷீட் அடிக்கும் உருளைகளை ஓட்டிய ஒற்றை சிலிண்டர் டீசல் என்ஜின் அவருடைய பொறுப்பு. லயத்து வீட்டில் படுத்துக்கொண்டே, ஸ்டோரில் ஓடும் என்ஜின் ஒரு அடி தவறினால் எழுந்து உட்காருவார் என்று சின்னம்மா சொல்வாள். தோட்டம் செம்பனையாகி, செம்பனையில் பாதி தாமானாகி, ஸ்டோர் இருந்த இடத்தில் இப்போது கார் கழுவும் கடை இருக்கிறது. சித்தப்பாவின் காது மட்டும் அப்படியே இருக்கிறது.

முதலில் அவருக்குச் சுழல் என்ஜின் என்றால் என்ன என்று விளக்க வேண்டியிருந்தது. பிஸ்டன் கிடையாது, வால்வு கிடையாது, மேலும் கீழும் போகும் சமாச்சாரமே கிடையாது என்று அக்கா மகன் தொடங்கினான். நடுவில் இடுப்பு ஒடுங்கிய ஓர் அறை. அதற்குள் பக்கங்கள் சற்றே உப்பிய முக்கோண ரோட்டர் ஒன்று. அது சுற்றச் சுற்ற அதன் மூன்று பக்கத்துக்கும் சுவருக்கும் நடுவே உள்ள இடம் பெரிதாகும், சிறிதாகும். பெரிதாகும்போது பெட்ரோலும் காற்றும் உள்ளே வரும், சிறிதாகும்போது அமுங்கும், பிளக் பொறி விடும், வெடித்துத் தள்ளும், புகை வெளியே போகும். ஆர்எக்ஸ்-8-இல் இப்படி இரண்டு ரோட்டர், ஆக ஆறு அறை. நடுத் தண்டு மூன்று சுற்றுச் சுற்றினால் ரோட்டர் ஒரு சுற்றுதான் சுற்றும். ஆகவே மீட்டர் 9000 சுற்று காட்டும்போது உள்ளே இருக்கும் ரோட்டர் 3000-இல் நிதானமாகத்தான் இருக்கிறது.

சித்தப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். “மூணு மூலையும் சுவத்துல உரசிக்கிட்டே சுத்துமா?”

“ஆமா தாத்தா.”

“எண்ணெய்?”

“கொஞ்சம் கொஞ்சமா அதுவே உள்ள விட்டு எரிச்சிக்கும்.”

“அப்ப அந்த மூலைதான் போகும்” என்றார்.

உலகத்துப் பொறியாளர்கள் பல வருடம் கழித்து வந்து சேர்ந்த இடத்துக்குச் சித்தப்பா ஒரு தே தாரிக் ஆறுவதற்குள் வந்துவிட்டார். இந்த என்ஜினைக் கண்டுபிடித்த ஜெர்மானியர் பெலிக்ஸ் வாங்கல். கடைசிவரை கார் ஓட்டும் உரிமமே எடுக்காதவர் என்பார்கள். தான் செய்த என்ஜினை மற்றவர்கள் ஓட்டட்டும் என்று விட்டுவிட்டதில் ஒரு தெளிவு இருக்கிறது. என்எஸ்யூ கம்பெனியில் அவருடைய முதல் மாதிரி ஓடியது 1957-இல். பத்து வருடம் கழித்து என்எஸ்யூ ரோ 80 என்ற காரை வெளியிட்டது. ஐரோப்பாவில் 1968-ஆம் ஆண்டின் சிறந்த கார் என்று பரிசு வாங்கியது. ரோட்டரின் மூலைகளில் சுவரோடு உரசும் சீல்கள் தேய்ந்து தேய்ந்து என்ஜின் மாற்றியே கம்பெனி நொடித்தது. எதிரெதிரே வரும் ரோ 80 உரிமையாளர்கள் கை அசைக்காமல் விரல்களைக் காட்டுவார்களாம். இதுவரை எத்தனை என்ஜின் மாற்றினேன் என்ற கணக்கு.

ஹிரோஷிமாவில் இதைக் கையில் எடுத்த மாஸ்டாவுக்கும் அதே தலைவலிதான். சோதனை என்ஜின்களைப் பிரித்துப் பார்த்தால் அறையின் உள்சுவரில் வரிவரியாகக் கீறல். ‘பேயின் நகக் கீறல்’ என்று அங்கே பெயர் வைத்தார்கள். கெனிச்சி யாமாமோட்டோவும் அவர் கீழ் இருந்த 47 பொறியாளர்களும் அலுமினியம் ஏற்றிய கார்பனில் சீல் செய்து அந்தப் பேயை ஓட்டினார்கள். 1967-இல் காஸ்மோ ஸ்போர்ட் வந்தது. பிறகு ஆர்எக்ஸ்-7. பிறகு 1991-இல் நாலு ரோட்டர் வைத்த 787பி பிரான்சின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் ஜெயித்தது. அதில் ஜெயித்த முதல் ஜப்பானியக் கம்பெனி மாஸ்டாதான். ஜெயித்ததால் பொறாமைப்பட்டு அடுத்த வருடமே சுழல் என்ஜினுக்குத் தடை போட்டார்கள் என்று அக்கா மகன் கண் சிவந்து சொல்வான். விதி மாற்றம் அதற்கு முன்பே முடிவானது என்று நான் சொன்னால் கேட்கமாட்டான். ரசிகனிடம் தேதி பேசக்கூடாது.

2003-இல் வந்தது ஆர்எக்ஸ்-8. அந்த வருடமே அதன் ரெனெசிஸ் என்ஜினுக்கு உலகின் சிறந்த என்ஜின் விருது. 2012-இல் உற்பத்தி நின்றது. இடைப்பட்ட காலத்தில் அமெரிக்காவில் விற்ற வண்டிகள் சிலவற்றுக்கு மாஸ்டா தானே முன்வந்து என்ஜின் உத்தரவாதத்தை 8 வருடம், 1,00,000 மைல் என்று நீட்டிக் கொடுத்தது. விருது வாங்கியதை விற்பவர்கள் எல்லாரும் சொல்வார்கள். உத்தரவாதம் நீட்டியதை நாம்தான் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

சரி, வண்டி பார்க்கப் போனோம். பழைய தோட்டத்தின் மேல் எழும்பிய தாமான் ஒன்றில் விற்பவரின் வீடு. மரியாதையான மனிதர். நாங்கள் போய் இறங்கியதும் சித்தப்பா யாரிடமும் பேசாமல் நேரே போய்ப் பானெட்டில் உள்ளங்கையை வைத்தார்.

“காலைலயே எங்க தம்பி போயிட்டு வந்தீங்க?”

“எங்கயும் போகலைங்க. நீங்க வர்றீங்கனு சூடு பண்ணி வச்சேன்.”

இதை உபசாரம் என்று எடுத்துக்கொள்வதா, உபாயம் என்று எடுத்துக்கொள்வதா என்பது அவரவர் வளர்ப்பு. சுழல் என்ஜினைக் குளிர்ந்த நிலையில் ஒரு முறையும், நன்றாகச் சூடான நிலையில் ஒரு முறையும் கிளப்பிப் பார்க்க வேண்டும். வெதுவெதுப்பாக இருக்கையில் எந்த என்ஜினும் நல்ல பிள்ளைதான். ஆகவே “ஆறட்டுங்க, நாங்க காத்திருக்கோம்” என்றோம். விற்பவரின் முகமும் கொஞ்சம் ஆறியது.

பானெட்டைத் திறந்தார். சித்தப்பா எட்டிப் பார்த்தார். இன்னும் குனிந்து பார்த்தார். “என்னடா, என்ஜின எடுத்துத் தனியா வித்துட்டாங்களா?” அவர் மேல் தப்பில்லை. அந்த என்ஜின் அவ்வளவு சிறியது. முன்சக்கரங்களுக்குப் பின்னால், தாழ்வாக, வெட்கப்பட்டு உட்கார்ந்திருக்கும். மேலே தெரிவதெல்லாம் பிளாஸ்டிக் மூடியும் குழாய்களும்தான். எண்ணெய்க் குச்சியை உருவிப் பார்த்தோம். அடிக்கோட்டுக்கும் கீழே நனைந்திருந்தது.

“எண்ணெயே குடிக்காதுங்க இந்த வண்டி” என்று விற்பவர் பெருமையாகச் சொன்னார்.

வேறு எந்தக் காருக்கும் இது நற்சான்றிதழ். இதற்கு மரணச் சான்றிதழ். மூலைச் சீல் உரசும் சுவரில் எண்ணெய் படிய வேண்டும் என்பதற்காகவே கம்பெனி ஒரு பம்ப் வைத்து எண்ணெயை எரியும் அறைக்குள் விடுகிறது. குடிக்க வேண்டிய வண்டி குடிக்கவில்லை என்றால் அந்தப் பம்ப் வேலை செய்யவில்லை, அல்லது உரிமையாளர் குச்சியையே பார்க்கவில்லை. இரண்டு தடவை பெட்ரோல் அடித்தால் ஒரு தடவை எண்ணெய் பார்க்க வேண்டும். நம் ஊரில் குச்சியை உருவிப் பார்ப்பது ஃபோர்மேன் வேலை என்று விட்டுவிடுகிறோம். ஃபோர்மேனைப் பார்ப்பதோ வண்டி நின்ற பிறகு.

என்ஜின் ஆறுவதற்காக நாங்கள் கடையில் உட்கார்ந்திருந்த நேரத்தில்தான் அந்தச் சம்பவம். பக்கத்து வீட்டுக்காரர் தன் லோரியை வெளியே எடுக்க வேண்டும் என்று ஹார்ன் அடித்திருக்கிறார். விற்பவர் ஓடிப் போய் ஆர்எக்ஸ்-8-ஐக் கிளப்பி, பத்தடி நகர்த்தி, உடனே அணைத்துவிட்டார். நாங்கள் திரும்பி வந்து சாவியைத் திருப்பினால், ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, சுற்றுகிறது, சுற்றிக்கொண்டே இருக்கிறது.

ஆறின சுழல் என்ஜினைக் கிளப்பிய கையோடு அணைப்பது பெரும் பாவம். குளிரில் கூடுதலாக ஊற்றிய பெட்ரோல் எரியாமல் உள்ளேயே தங்கி, பிளக்கை நனைத்து, சுவரில் இருக்கும் எண்ணெயைக் கழுவி, சீலுக்கும் சுவருக்கும் உள்ள ஒட்டுறவைக் கெடுத்துவிடும். கேட்டுக்கு வெளியே இருக்கும் காரை உள்ளே போடுவது, உள்ளே இருப்பதை நிழலுக்கு நகர்த்துவது, உறவினர் வந்தால் வழிவிடுவது எல்லாமே நம் வாழ்க்கைமுறை. இவற்றில் எதையும் இந்த வண்டி ஏற்றுக்கொள்ளாது. கிளப்பினால் சூடேறும்வரை ஓட்ட வேண்டும். புந்தோங்கில் இருப்பவர் லிட்டில் இந்தியாவுக்குத் தோசை வாங்க இதில் போனால் தோசை விலையில் என்ஜினும் சேரும்.

அக்கா மகனுக்கு இதற்கும் வைத்தியம் தெரிந்திருந்தது. ஆக்ஸிலேட்டரைத் தரையோடு மிதித்தபடி ஸ்டார்ட்டரைச் சுற்றினால் கணினி பெட்ரோலை நிறுத்திவிடும். வெறும் காற்று போய் ஈரத்தை வெளியேற்றும். மிதித்தான். சுற்றினான். ஓய்வு கொடுத்தான். மறுபடி சுற்றினான். திடீரென்று வண்டி உயிர்பெற்று வெள்ளைப் புகையைக் கக்கியதில் தாமானில் கொசு மருந்து அடிக்க வந்துவிட்டார்கள் என்று நினைத்து இரண்டு வீட்டில் ஜன்னல் சாத்தினார்கள்.

பிறகு ஓட்டிப் பார்க்கக் கிளம்பினோம். சித்தப்பாவைப் பின்சீட்டில் உட்காரவைத்தோம். முன்கதவு திறந்தால்தான் பின்கதவு திறக்கும் என்ற விவரத்தை யாரும் அவரிடம் சொல்லவில்லை. வழியெல்லாம் அவர் கைப்பிடியைத் தேடிக்கொண்டே வந்தார். வடக்கே நெடுஞ்சாலையில் ஏறி, மெனோரா சுரங்கத்தை நோக்கிப் போகும் மேட்டில் அவன் கியரைக் குறைத்து மிதித்தான். அந்தச் சத்தத்தைச் சொல்லித்தான் ஆக வேண்டும். மற்ற என்ஜின்கள் சுற்று ஏற ஏறக் கத்தும். இது ஏற ஏறச் சுருதி சேர்ந்து மெலிதாகும். சுரங்கத்துக்குள் நுழைந்தபோது அக்கா மகன் முகத்தைப் பார்த்தேன். ஆறு அறையும் ஓட்டையாக இருந்தாலும் வாங்கிவிடுவான் என்று தெரிந்தது.

சித்தப்பா மட்டும், “மேட்டுல இழுவை கம்மியா இருக்கே” என்றார். முழுச் சுற்றில் இழுவை குறைந்தால் இக்னிஷன் காயில் தேய்ந்திருக்கலாம், புகைக்குழாயில் உள்ள கேட்டலிடிக் கன்வெர்ட்டர் அடைத்திருக்கலாம். ஆர்எக்ஸ்-8-க்கு நாலு காயில், நாலு பிளக். காயில்கள் ஐம்பதாயிரம் கிலோமீட்டருக்குள்ளேயே சோர்ந்துபோவது சாதாரணம். சோர்ந்த காயிலால் எரியாமல் போகும் பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் எரியும்; அது உருகி அடைத்தால் சூடு திரும்பி என்ஜினுக்கே வரும். அந்தச் சூடு போய்ச் சேரும் இடத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டால் சித்தப்பாவுக்கே சிரிப்பு வந்தது: ரப்பர். அறைகளை அடுக்கி இறுக்கும்போது நடுவில் தண்ணீர் கசியாமல் இருக்க ரப்பர் வளையம்தான் போட்டிருக்கிறது. அது ஒரு தடவை வெந்துவிட்டால் குளிரூட்டும் தண்ணீர் உள்ளே கசியும்; காலையில் கிளப்பும்போது இனிப்பு வாடையோடு வெண்புகை வரும், தண்ணீர்த் தொட்டியில் குமிழி எழும். இரண்டையும் கட்டாயம் பார்க்க வேண்டும். வாழ்நாள் முழுக்கப் பால் வெட்டிய பரம்பரையை ஒரு ரப்பர் வளையத்துக்காகக் கவலைப்பட வைத்த ஒரே என்ஜின் இதுதான்.

கோலகங்சார் போய்ச் சேர்ந்தோம். இந்த நாட்டின் முதல் ரப்பர் கன்றுகள் சிலவற்றை 1877-இல் நட்ட ஊர். அதில் ஒரு மரம் இன்றும் நிற்கிறது. அதன் பக்கத்திலேயே வண்டியை நிறுத்தினோம். என்ஜின் நல்ல சூடு. அணைத்துவிட்டு, சித்தப்பாவைப் பின்சீட்டிலிருந்து மீட்டு, ஒரு தண்ணீர் குடித்துவிட்டு வந்து சாவியைத் திருப்புவது திட்டம். இதுதான் சுழல் என்ஜினுக்கு உண்மையான பரீட்சை. சூட்டில் எண்ணெய் இளகி அடைப்பு தளர்ந்துவிடும். சீல் நன்றாக இருந்தால் சட்டென்று பிடிக்கும், தேய்ந்திருந்தால் ஸ்டார்ட்டர் புலம்பும்.

புலம்பியது. நீண்ட நேரம் புலம்பிப் பிறகு பிடித்தது.

சித்தப்பா மரத்தைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார். “1877-ல நட்டது கிளம்பி நிக்குது. 2004-ல செஞ்சது கிளம்ப மாட்டேங்குது” என்றார்.

திரும்பி வந்ததும் விற்பவர், “பேட்டரி வீக்குங்க. ஸ்டார்ட்டர் புதுசு போட்டுத் தரேன், பிரச்சினையே இருக்காது” என்றார். வேகமாகச் சுற்றும் ஸ்டார்ட்டரை மாஸ்டாவே பிற்பாடு கொண்டுவந்தது உண்மை. அதைப் போட்டால் தேய்ந்த என்ஜினும் சூட்டில் பிடித்துக்கொள்ளும். நோய் அப்படியே இருக்கும். கூடவே கெட்டியான எண்ணெயையும் ஊற்றிவிட்டால் இன்னும் சில வாரத்துக்கு வண்டி தங்கம்.

தோட்டத்தில் இருந்தவர்களுக்கு இந்த வித்தை புதிதல்ல. மறுநடவுக்காக மரங்களை வெட்டிச் சாய்க்க நாள் குறித்த பிறகு, ஏணி வைத்து மேல்பட்டை வரை வெட்டுவார்கள், மருந்து தடவுவார்கள், ஒரு பக்கம் வெட்டிய மரத்தில் இரண்டு பக்கம் வெட்டுவார்கள். அந்தக் கடைசி மாதங்களில் வாளி நிரம்பி வழியும். விவரம் தெரியாதவன் அப்போது வந்து பார்த்தால் தோட்டத்திலேயே சிறந்த மரம் இதுதான் என்பான். விற்பனைக்கு வரும் ஆர்எக்ஸ்-8 பல இந்த நிலையில்தான் சந்தைக்கு வருகின்றன.

கம்ப்ரஷன் பார்க்காமல் ஒரு வெள்ளியும் எடுக்காதே என்று சித்தப்பா சொல்லிவிட்டார். அங்கே அடுத்த சிக்கல். பக்கத்துப் பட்டறையில் கம்ப்ரஷன் கேஜ் இருந்தது, ஆனால் பிஸ்டன் என்ஜினுக்கானது. அதில் உள்ள ஒருவழி வால்வு, வந்ததிலேயே பெரிய அழுத்தத்தைப் பிடித்து வைத்துக் காட்டும். பிஸ்டனுக்கு அது போதும். ரோட்டரில் ஒரே பிளக் துளையை மூன்று பக்கமும் வரிசையாகக் கடந்து போகின்றன. மூன்றில் இரண்டு செத்து ஒன்று மட்டும் நலமாக இருந்தாலும் முள் நலமானதையே காட்டி ‘எல்லாம் சௌக்கியம்’ என்று சொல்லும். குடும்பத்தில் ஒருவன் மட்டும் வேலைக்குப் போனாலும் வீட்டு வாடகை கட்டப்படுவதால் வீட்டுக்காரருக்கு ஒன்றும் தெரியாது.

வேறு வழியில்லாதபோது செய்யக்கூடிய ஒன்று உண்டு. கேஜிலிருந்து அந்தச் சின்ன வால்வைக் கழற்றிவிட வேண்டும். அல்லது கேஜே வேண்டாம். பெட்ரோலையும் பொறியையும் துண்டித்துவிட்டு, ஒரு பிளக்கைக் கழற்றி, ஸ்டார்ட்டரைச் சுற்றிக் காதைக் கொடுக்க வேண்டும். தண்டு நிமிடத்துக்கு 250 சுற்றுச் சுற்றினால் ஒரு ரோட்டரிலிருந்து வினாடிக்கு ஏறக்குறைய நாலு மூச்சு வரும். மூன்று மூன்றாக அது சமமாக வர வேண்டும்.

சித்தப்பா சக்கரத்துப் பக்கம் குந்தி உட்கார்ந்தார். எல்லாரையும் பேசாமல் இருக்கச் சொன்னார். பக்கத்துக் கடை வானொலியை நிறுத்தச் சொன்னார்; நிறுத்தினார்கள். முன் ரோட்டரைக் கேட்டுவிட்டுத் தலையசைத்தார். பின் ரோட்டரைக் கேட்டார். திரும்பக் கேட்டார். பிறகு எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு, “முன்னாடி சரி. பின்னாடி மூணுல ஒண்ணு இளைச்சிருக்கு” என்றார்.

“காதுல கேட்டுட்டுச் சொன்னா எப்படிங்க?” என்றார் விற்பவர். நியாயமான கேள்விதான். கோலாலம்பூரில் சுழல் என்ஜினுக்கென்றே உள்ள அளவுகருவி வைத்திருக்கும் ஃபோர்மேன் ஒருவர் ஈப்போவுக்குத் தவுகே கோழி சாப்பிட அடிக்கடி வருவார் என்று அக்கா மகனுக்குத் தகவல். கோழிக்கு நாங்கள் பணம் கட்டுவதாக ஒப்பந்தம். கருவி காரின் பின்பெட்டியில் வந்தது.

அவர் வேலை செய்ததைப் பார்த்தபோது எனக்கு மரியாதை வந்தது. முதலில் பேட்டரியை முழுக்கச் சார்ஜ் ஏற்றினார், ஏனென்றால் ஸ்டார்ட்டர் மெதுவாகச் சுற்றினால் நல்ல என்ஜினும் குறைந்த எண்ணைக் காட்டும். வேகமாகச் சுற்றினால் கெட்ட என்ஜினும் நல்ல எண்ணைக் காட்டும். அதனால் எந்தச் சுற்றில் அளந்ததென்று எழுதி, 250 சுற்றுக்குக் கணக்குப்போட்டு மாற்றித்தான் பேச வேண்டும். என்ஜின் சூடாக இருக்க வேண்டும். ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதித்திருக்க வேண்டும். ‘கம்ப்ரஷன் 8 இருக்கு’ என்று யாராவது போனில் சொன்னால், எத்தனை சுற்றில், எந்த ரோட்டரில், எந்தப் பக்கத்தில் என்று கேளுங்கள். பெரும்பாலும் போன் வைக்கப்படும்.

ரெனெசிஸுக்கு மாஸ்டா சொல்லும் அளவு இது: 250 சுற்றில் புது என்ஜின் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 8.5 கிலோ. 6.9-க்குக் கீழே எந்த அறை போனாலும் ஆயுள் முடிந்தது. ஒரே ரோட்டரின் மூன்று பக்கத்துக்குள் வித்தியாசம் 1.5-க்கு மேல் போகக்கூடாது. இரண்டு ரோட்டருக்கும் நடுவே 1.0-க்கு மேல் போகக்கூடாது.

எங்கள் சிவப்பு வண்டியின் சீட்டு இப்படி வந்தது. முன் ரோட்டர்: 7.2, 7.1, 7.3. பின் ரோட்டர்: 6.4, 5.2, 6.3.

ஃபோர்மேன் சீட்டை நீட்டினார். விற்பவர் சீட்டைப் பார்க்கவில்லை, சித்தப்பாவின் காதைப் பார்த்தார்.

அடுத்து நடந்த பேரத்தை விரிவாக எழுத விரும்பவில்லை. “புஸ்பகோம் பாஸாயிடும்ங்க” என்றார் விற்பவர். பெயர் மாற்றத்துக்கான பி5 சோதனையில் பாஸாகும்தான். என்ஜின் நம்பரும் சாசி நம்பரும் சரியா, பிரேக் பிடிக்கிறதா, விளக்கு எரிகிறதா என்று பார்க்கும் சோதனை அது. ரோட்டருக்குள் எட்டிப் பார்ப்பது அவர்கள் வேலையல்ல. “ஹாஃப்-கட் என்ஜின் வாங்கிப் போட்டுக்கலாம்” என்றார். ஜப்பானில் பாதியாக அறுத்து அனுப்பிய வண்டியின் என்ஜினுக்கும் ஆறு அறைதான். அதையும் அளக்காமல் வாங்கினால் அதே சீட்டாட்டத்தில் இரண்டாவது ஆட்டம். என்ஜினைப் பிரித்து, சீல் மாற்றி, கீறல் விழுந்த அறைகளையும் மாற்றிக் கட்டும் செலவைக் கேட்ட விலையிலிருந்து கழித்துக் கொடுக்கிறோம் என்று அக்கா மகன் சொன்னான். விற்பவர் மனைவியிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

என் தீர்ப்பை யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். ஆர்எக்ஸ்-8 வாங்கலாம். மீட்டரில் எத்தனை கிலோமீட்டர் என்று பார்க்காதீர்கள். நெடுஞ்சாலையில் லட்சத்துக்கு மேல் ஓடிய என்ஜின், கடைத்தெருவுக்கு மட்டும் போய் வந்த குறைந்த கிலோமீட்டர் என்ஜினைவிடத் திடமாக இருக்கும். பெயின்ட்டைச் சுரண்டாதீர்கள். எட்டைக் கூட்டாதீர்கள். கையில் ஆறு எண்ணும், அளந்த சுற்றும், தேதியும் எழுதிய ஒரு சீட்டு இல்லாத வண்டிக்கு, கெட்டுப்போன என்ஜின் வைத்த வண்டி என்று எண்ணி விலை கொடுங்கள். சீட்டு வந்தபின் கூட்டிக் கொடுத்தால் போதும்.

அக்கா மகன் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறான். ஈப்போ, தைப்பிங், சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஆறு அறையும் ஏழுக்கு மேல் உள்ள ஆர்எக்ஸ்-8 யாரிடமாவது இருந்தால் தகவல் சொல்லுங்கள், சித்தப்பாவோடு வருகிறோம். தயவுசெய்து என்ஜினைச் சூடு பண்ணி வைக்க வேண்டாம்.